மூன்றாவது பெண்ணுக்கு எந்தக் கணக்கு?

2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் ஓர் ஏழைத் தம்பதிக்கு மூன்றாவதாகவும் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளிலேயே அதற்கு விலை பேச ஆள் வந்தார்கள். அரசு மருத்துவர் ஒருவரும் பெண் தரகர் ஒருவரும் சேர்ந்து பேசினார்கள் என்பது புகார். பெற்றவர்கள் விற்கச் சம்மதிக்கவில்லை, காவல்துறைக்குப் போனார்கள். மருத்துவரும் தரகரும் கைதானார்கள். அதற்கு நாலரை ஆண்டு முன்பு, 2019 ஏப்ரலில், இதே நாமக்கல் மாவட்டத்து ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை சொல்லும் தொலைபேசிப் பேச்சு வெளியானது. ஆணா பெண்ணா, சிவப்பா கறுப்பா என்பதைப் பொறுத்து விலை மாறியது. கொல்லிமலை வரை வேர் ஓடிய அந்த வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது.

இந்தச் செய்திகளைப் படித்தவர்கள் தரகரைத் திட்டினார்கள். சிலர் பெற்றவர்களையும் திட்டினார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மூன்றாவதாகப் பிறந்த அந்தப் பெண்ணுக்கு அரசு என்ன வைத்திருந்தது?

தடுப்பூசி உண்டு. சத்துமாவு உண்டு. பிறகு அங்கன்வாடி, பள்ளி, மதிய உணவு, முட்டை எல்லாம் உண்டு. ஆனால் அவளைச் சுமந்த தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடையாது. அது முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் அவள் பெயரில் வைப்புத்தொகை போட வழியில்லை. அது ஒற்றைப் பெண்ணுக்கு அல்லது இரு பெண்களுக்கு, அதுவும் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்ட சான்றிதழோடு. இந்தியாவில் குழந்தைகளுக்காக அதிகம் செலவழிக்கும் மாநிலங்களில் ஒன்றில், கைப்பணம் மிகவும் தேவைப்படும் வீட்டின் வாசலில் வந்து திட்டம் திரும்பிவிடுகிறது.

திருச்செங்கோட்டுக்கு அடுத்த வட்டம் பரமத்தி வேலூர். காவிரிக் கரை, ராஜா வாய்க்கால் பாசனம், வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு, வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை, மேட்டு நிலத்தில் கோழிப்பண்ணை. ஆற்றைக் கடந்தால் கரூர் மாவட்டம். குழந்தைகள், குடும்பங்கள் தொடர்பான அரசுக் கொள்கைகளின் வெற்றி, தோல்வி, பாதியில் நின்றுபோனது எல்லாவற்றையும் இந்தச் சேலம்–நாமக்கல் சமவெளியில் வைத்தே படித்துவிடலாம். தமிழ்நாட்டின் முக்கியமான திட்டங்களில் சில இந்த மண்ணைப் பார்த்துத்தான் எழுதப்பட்டன.

கதை நூறு ஆண்டுக்கு முன் தொடங்குகிறது. 1920இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் சிறார்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டுப் பார்த்தது. 1926இல் மாகாணத்தின் முதலமைச்சரானவர் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன். அவர் காலத்துச் சட்டசபையில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உட்கார்ந்தார். தேவதாசி முறை ஒழிப்பும் குழந்தை மணத் தடுப்பும் பேசப்பட்டன. சுப்பராயனின் மனைவி ராதாபாய் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். பெண்களுக்கு வாக்குரிமை பற்றிப் பிரிட்டனின் நாடாளுமன்ற உறுப்பினர் எலினோர் ராத்போனுடன் கடிதம் எழுதி வாதாடியவர். அந்த ராத்போன்தான் தன் நாட்டில் பிள்ளைகளுக்காகக் குடும்பப் படி வேண்டுமென்று கால் நூற்றாண்டுக்கு மேல் போராடியவர். 1945இல் சட்டம் வந்தபோது பணத்தை அப்பன் கையில் கொடுப்பதாக மசோதா இருந்தது. தாய் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவையில் சண்டை போட்டு மாற்றினார்.

தாய் கையில் பணம் கொடுப்பது தமிழ்நாட்டில் 1980களின் பிற்பாதியில் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி 300 ரூபாய் அளவில் ஆரம்பித்து, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஒன்றிய அரசின் பங்கையும் சேர்த்து 18,000 என்று வளர்ந்தது. அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து ‘பிக்மி’ என்ற பதிவு எண் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைச்சல். பணம் சுருக்காக வருவதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. தவணை மாற்றம், ஆதார் பொருந்தாமை, இரு அரசுகளின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாமை என்று பல காரணம் சொல்வார்கள். கர்ப்பிணி சத்தாகச் சாப்பிடக் கொடுத்த காசு, பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு கைக்கு வந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சமவெளி தமிழ்நாட்டுக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் 1990களுடையது. 1991 கணக்கெடுப்பில், நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 849 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள். மாநிலச் சராசரி 948. ஆயிரத்துக்கு ஏறத்தாழ நூறு பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? உசிலம்பட்டியைப் பற்றி 1986லேயே பத்திரிகைகள் எழுதியிருந்தன. சேலம் அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது என்பதை எண்கள் சொன்னபிறகே அரசு ஒப்புக்கொண்டது.

1992இல் முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ, அரசு வளர்க்கும் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டில் பெண் குழந்தைகள் பெயரில் வைப்புத்தொகை போடும் திட்டமும் வந்தது. ஆட்சி மாறியதும் தொட்டில் ஓய்ந்தது. 2001இல் மீண்டும் உயிர் பெற்று மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் போனது. சில ஆயிரம் குழந்தைகள் அதன் வழியே உயிர் பிழைத்துத் தத்துப் போயிருக்கிறார்கள். அந்த உயிர்களை வைத்துப் பார்த்தால் திட்டத்தைக் கேலி பேச யாருக்கும் தகுதியில்லை. ஆனாலும் பெண்ணுரிமை அமைப்புகள் அன்றே எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது: பெண்ணை வேண்டாமென்று சொல்லும் குடும்பத்துக்கு அரசே ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது, ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்ற கேள்விக்குள் அது நுழைவதில்லை.

அந்தக் கேள்விக்குள் நுழைந்தவர்கள் வேறு ஆட்கள். 1997இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்து வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். குழந்தை இறந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் காரணம் எழுத வேண்டும். பல பெண் குழந்தைகளின் பெயருக்கு எதிரே ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தது. அந்த வரிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, மதுரையில் தொடங்கி திண்டுக்கல், கரூர், சேலம், தருமபுரி வழியாக வடக்கே நீளும் ஒரு தொடர்ச்சியான பட்டை வரைபடத்தில் தெரிந்தது. உசிலம்பட்டி என்ற ஒற்றை ஊரின் அவப்பெயராக இருந்தது அன்றைக்கு மாநிலத்தின் பிரச்சினையாக மாறியது. பிறகு தருமபுரியில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டன. கர்ப்பிணிக்கு முதல் பிள்ளை பெண்ணா என்று பார்த்து, அந்த வீட்டுக்குச் செவிலியர் கூடுதலாகப் போய்வந்தார்கள். 1998இல் பாலினத் தேர்வுக் கருக்கலைப்புக்கு எதிரான பிரச்சார இயக்கம் உருவானது.

இத்தனைக்கும் பிறகு 2001 கணக்கெடுப்பில் சேலம் 851. நாமக்கல் 889. பிறந்த பின் கொல்வது குறைய, பிறக்குமுன் கண்டுபிடித்து அழிப்பது அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே இருந்தும் ஸ்கேன் சென்டர்கள் தாராளமாக நடந்தன. செயற்பாட்டாளர் சாபு ஜார்ஜும் இரண்டு அமைப்புகளும் 2000இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்ட பிறகே மாநிலங்கள் அசைந்தன. 2003இல் சட்டம் இறுகியது. 2011இல் சேலமும் நாமக்கல்லும் 900ஐத் தாண்டின. மாநிலச் சராசரி 943ஐ இரண்டுமே எட்டவில்லை. அந்த இடைவெளியின் விளைவைக் கல்யாணத் தரகர்களைக் கேட்டால் தெரியும். கொங்கு விவசாயக் குடும்பத்து முப்பது வயது மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காமல், கேரளத்தில் தேடிக் கட்டிவைப்பது இன்று சகஜமாகிவிட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, சட்டமும் திட்டமும் யாருடைய இரக்கத்தாலும் வந்துவிடவில்லை. செவிலியர் பதிவேட்டில் எழுதினார், ஒருவர் கூட்டிப் பார்த்தார், இன்னொருவர் வழக்குப் போட்டார். எண் கையில் கிடைத்த இடத்தில்தான் அரசை மடக்கிக் கேட்க முடிந்தது.

சத்துணவு முட்டையின் கதையும் ஓரளவு அப்படித்தான், கூடவே ஒரு வியாபாரக் கணக்கும் சேர்ந்துகொண்டது. 1956இல் காமராஜர் ஆட்சி, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்போடு, மதிய உணவைக் கொண்டுவந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கி விரித்தார். கஜானா தாங்காது என்று வல்லுநர்கள் தலையில் கைவைத்தார்கள். 1989இல் கருணாநிதி ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுத்தது. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. அந்தக் காலத்தில்தான் நாமக்கல் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தி செய்யும் இடமாக வளர்ந்தது. பண்ணைக்காரர்களுக்கு நிலையான கொள்முதல் கிடைத்தது, பிள்ளைகளுக்குப் புரதம் கிடைத்தது. வேறு சில மாநிலங்களில் மத நம்பிக்கையைச் சொல்லிப் பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையை எடுத்தபோதும் இங்கே யாரும் அதில் கைவைக்காததற்கு, கோழிப்பண்ணைகளின் அரசியல் பலமும் ஒரு காரணம் என்று சொன்னால் தப்பில்லை. நல்ல திட்டம் நிலைக்க நல்ல எண்ணம் மட்டும் போதாது. அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள ஒரு தரப்பும் வேண்டும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும். ஆய்வு செய்த 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியதாக அரசு சொன்னது. கொடிக்காலுக்கும் பண்ணைக்கும் இருட்டோடு கிளம்பும் தாய்மாருக்கு, பிள்ளை வெறும்வயிற்றோடு போகவில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த மாதமே, 2023 செப்டம்பரில், காவிரிக்கு அக்கரையில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் ஒன்றியப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளை சாப்பிடக்கூடாது என்று பெற்றோர் பலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தபின் இறங்கிவந்தார்கள். இந்த மாதிரிச் சமயத்தில் ஒரே நாளில் பள்ளிக்கு வந்து நிற்கும் ஆட்சியர் இருப்பதும் திட்டத்தின் பகுதிதான். அரசாணையில் அந்த வரி இருக்காது.

இப்போது மீண்டும் மூன்றாவது பிள்ளை. நிபந்தனைகள் எழுதப்பட்ட 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு திட்டத்தோடும் குடும்பக் கட்டுப்பாட்டை ஒட்டவைப்பது அதிகாரிகளுக்கு வழக்கமாக இருந்தது. இரண்டுக்கு மேல் பெற்றால் உதவி நிற்கும் என்ற பயம் வேலை செய்யும் என்று நம்பினார்கள். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.4. மக்கள்தொகையை நிலையாக வைக்கவே 2.1 வேண்டும். 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், பதினாறும் பெற்று வாழுங்கள் என்ற வாழ்த்தை நிஜமாகவே பதினாறு பிள்ளை என்று எடுத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டதோ என்று வேடிக்கையாகக் கேட்டார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று நேராகவே சொன்னார். மேடையில் பிள்ளை பெறச் சொல்லும் அரசின் விண்ணப்பப் படிவம் கருத்தடைச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு மூன்றாவது பிள்ளை பெறுவது யார் என்று பார்த்தால் நிபந்தனையின் அநியாயம் தெளிவாகும். இரண்டும் பெண்ணாகப் போய், மாமியார் நெருக்கடியில் மூன்றாவது பெறுகிறவள். கொல்லிமலையில் ஆஸ்பத்திரி தூரமானவள். மறுமணம் செய்துகொண்டவள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த வழக்கு இந்தக் கடைசி வகை: தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியைக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள், அவர்கள் தகப்பனிடம். இரண்டாவது திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்புக் கேட்டபோது, உனக்கு இரண்டு ஆகிவிட்டது என்று மறுத்தார்கள். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஓர் அங்கம் என்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு சொன்னது. ஆசிரியைக்கு வழக்குப் போட வலு இருந்தது. கரும்பு வெட்டப் போகிறவளுக்கு?

செலவைக் காரணம் காட்டவும் முடியாது. சராசரி 1.4 ஆகிவிட்ட மாநிலத்தில் மூன்றாவது பிரசவங்கள் குறைவு. நிபந்தனையை எடுத்தால் கஜானாவில் பெரிய ஓட்டை விழாது. பிரிட்டனும் இதே தவறைச் செய்தது. 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு உதவி இல்லை என்று விதி போட்டது. பிறப்பு பெரிதாகக் குறையவில்லை, பிள்ளைகளின் வறுமைதான் கூடியது. அதை 2026 ஏப்ரல் முதல் கைவிடுவதாக 2025 நவம்பரில் அந்நாட்டு நிதியமைச்சர் அறிவித்தார். ஆந்திரம் 2024 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலுக்கான இரு குழந்தை விதியை நீக்கிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், அரசாணை போதும். அந்தக் கையோடு தொகையையும் பார்க்கலாம். பெண் குழந்தை வைப்புத்தொகை 2011இல் ஒற்றைப் பெண்ணுக்கு 22,200லிருந்து 50,000 ஆனது, இருவருக்குத் தலா 25,000. தங்கம் அன்று என்ன விலை, இன்று என்ன விலை என்பதைப் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே குறைவு. பிள்ளை பிறந்து அங்கன்வாடிக்குப் போகும்வரை உள்ள காலம்.

அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஓராண்டு. நிறுவன ஊழியருக்கு 2017 திருத்தப்படி 26 வாரம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகமும் கட்டாயம். வெற்றிலை அடுக்குகிறவருக்கும், பண்ணையில் முட்டை பொறுக்குகிறவருக்கும், குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிப்பட்டறையில் நிற்கிறவருக்கும் இவை எதுவும் பொருந்தாது. மகப்பேறு உதவியின் தவணை முடிந்ததும் அவர்கள் வேலைக்குப் போயாக வேண்டும். தறிக்காரர் வீட்டில் முன்பணக் கடன் வேறு காத்திருக்கும். கடன் நெருக்கடி அந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம் என்பதை, 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி காட்டியது.

மாநிலத்தில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றில் உட்காரவைத்துக்கொள்வது இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை வீட்டுக்குச் சத்துமாவு பாக்கெட் போகும், பிள்ளையை விட இடமில்லை. மாலை நாலு மணிக்கு மேல் மையமும் திறந்திருக்காது. அம்மிச்சியோ அப்பத்தாவோ பார்த்துக்கொண்டால் சரி. அவர்களும் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்விட்டால், மூத்த பெண் பள்ளிக்கு மட்டம் போடுவாள். வாரத்துக்கு இரண்டு நாள் அவள் வராமல் போவது வருகைப் பதிவேட்டில் இருக்கும். அவள் மடியில் எட்டு மாதத் தம்பி இருந்தது எங்கும் இருக்காது.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைப் பிரசவம் நடக்கும் மாநிலம் இது. பிறக்கும்வரை நன்றாகக் கவனித்து, பிறந்தபின் இரண்டு வருடம் விட்டுவிட்டு, பிறகு முட்டையோடு வந்து நிற்கிறோம். மூளையும் எலும்பும் வேகமாக வளரும் காலம் அந்த இடைவெளியில் ஓடிப்போகிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக்கு இது தெரிந்திருந்தது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குட்பட்டவர்களைத்தான் குறிவைத்தது. மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தது. 1990களில் அது அங்கன்வாடித் திட்டத்துக்குள் கரைந்து, கவனமும் பெரிய பிள்ளைகள் பக்கம் போனது. 2022இல் உதகையில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் அந்தப் பழைய எடை பார்க்கும் வேலையை மறுபடி கையில் எடுத்தது. இலங்கையில் 1973 முதல் கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் போகும் திரிபோஷ மாவு, பல ஆட்சிகளைத் தாண்டி நிற்பதற்கும் எடை அட்டையோடு அது கட்டிவைக்கப்பட்டிருப்பது ஒரு காரணம் எனலாம்.

மாவு கொடுத்தாயிற்று. ஊட்டுகிற ஆள் எங்கே என்பதுதான் மிச்சம். கர்நாடகம் 2023இல் கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்ற காப்பகங்களை ஆரம்பித்தது. நூறு நாள் வேலைக்குப் பதிந்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளை பார்ப்பதை அவர்களுக்குக் கூலி வேலையாக்கியது. ஐந்து சிறு பிள்ளைகள் வந்தால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டும் என்று 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் வேப்பமரமும் தூளியும்தான். தமிழ்நாட்டில் சிப்காட் தொழிற்பேட்டைகளில் காப்பகம் கட்ட அரசு முன்வந்தது நல்லது. ஆனால் இந்தச் சமவெளியின் பெண்கள் வேலை செய்வது சிப்காட்டில் இல்லை. நாலு பேர், எட்டு பேர் நிற்கும் கொட்டகைகளிலும் காடுகளிலும்.

புலம்பெயர்ந்தவர்கள் நிலை இன்னும் மோசம். ஆலைக்கொட்டகையிலும் கோழிப்பண்ணையிலும் இப்போது பெரும்பாலும் ஒடிசா, பீகார் பக்கத்து ஆட்கள். பண்ணைகளில் பல குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு கோழிக்கொட்டகை ஓரத்து அறைகளில் தங்குகின்றன. முகவரி இல்லை, ரேஷன் அட்டை வேறு மாநிலத்தது, அங்கன்வாடிப் பணியாளருக்கு அவர்கள் மொழி தெரியாது. நாட்டுக்கே முட்டை அனுப்பும் பண்ணையில் வளரும் பிள்ளைக்கு அரசின் முட்டை கிடைக்கிறதா என்பது அந்த ஊர்ப் பணியாளரின் மனசைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது.

2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, முதல் மாதமே 1.06 கோடிப் பெண்களுக்குப் போனது. மாதம் 1,000 ரூபாய், தாய் கையில். ராத்போன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் வீட்டில் பிள்ளை ஒன்றா மூன்றா என்பது அந்தக் கணக்கில் வராது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் வந்த ‘அன்புக் கரங்கள்’ 18 வயதுவரை மாதம் 2,000 கொடுக்கிறது. அது பிள்ளையை நேராகப் பார்த்துக் கொடுக்கும் உதவி. எத்தனையாவதாகப் பிறந்தாய் என்று கேட்பதில்லை. தாயும் தகப்பனும் இருந்தும் சோற்றுக்கு இழுபறியாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழியை விரிக்க வேண்டும் என்று கேட்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

கேட்பது யார் என்பதில்தான் சிக்கல். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. அதன் தாய்க்கு ஊர்வலம் போக நேரம் இல்லை. அங்கன்வாடி ஊழியர் சங்கங்கள் காலிப் பணியிடத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடுகின்றன, அது அவர்கள் உரிமை. பண்ணைக்காரர்களுக்குச் சங்கம் உண்டு, லாரிக்காரர்களுக்கு உண்டு. கிராம ஊராட்சிதோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. பல ஊர்களில் அது கையெழுத்துப் புத்தகத்தோடு சரி.

ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. மார்ச் 22 தண்ணீர் நாள் சபையிலோ நவம்பர் 1 உள்ளாட்சி நாள் சபையிலோ, வாய்க்கால் தூர்வாருவதையும் சிமெண்ட் ரோட்டையும் பேசி முடித்தபின், கபிலர்மலை ஒன்றியத்திலோ பரமத்தி ஒன்றியத்திலோ ஓர் ஊர் இரண்டு விவரம் கேட்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை? அவர்களில் எத்தனை பேரின் தாய்மார் விடிகாலையில் வேலைக்குப் போகிறார்கள்? முதலாவதற்கு அங்கன்வாடிப் பதிவேட்டில் விடை இருக்கும், பண்ணைப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால். இரண்டாவதற்குப் பதிவேட்டில் இடமே கிடையாது. பணியாளர் வீடு வீடாகப் போய்ச் சத்துமாவு கொடுக்கும்போதே கேட்டு எழுதிவிடலாம். 1990களில் செவிலியர்கள் எழுதி வைத்தது அப்படித்தான். எழுதிய கணக்கு தீர்மானமாகி ஒன்றியத்துக்குப் போனால், காப்பகம் எந்த ஊரில், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகத்தோடு அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.